37 அடி மோட்டார்ஹோம், கூரையில் 2 ஏசி, ஆனாலும் சாயங்காலம் உள்ளே 87 டிகிரி

ஃப்ரிஸ்கோ_வண்டி:

வணக்கம். பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே சமையலறை, படுக்கையறை இருக்கும் வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். 2016 மாடல், கிளாஸ் ஏ (பஸ் மாதிரி இருக்கும் பெரிய வகை), பெட்ரோல் இன்ஜின், 37 அடி, இரண்டு ஸ்லைடு (நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி), வெளி மின்சாரத்துக்கு 50 ஆம்ப் இணைப்பு. கூரையில் இரண்டு ஏசி. ஹாலுக்கு மேலே 15,000 பிடியு (ஏசியின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு), படுக்கையறைக்கு மேலே 13,500 பிடியு. இரண்டுமே சீலிங்குக்குள் ஓடும் டக்ட் வழியாகக் காற்றை அனுப்புகிறவை. வசந்த காலத்தில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

ஜூலையில் அம்மாவும் அப்பாவும் விருதுநகரில் இருந்து வந்திருந்தார்கள். டெக்ஸஸ் எல்லையில் இருக்கும் டெக்ஸோமா ஏரிப் பக்கம் ஒரு கேம்ப்கிரவுண்டில் தங்கினோம். வெளியே 103 டிகிரி ஃபாரன்ஹீட். காலை பதினோரு மணி வரை உள்ளே அருமையாக இருந்தது. இரண்டு மணிக்கு 82, ஐந்து மணிக்கு 87. இரண்டு ஏசியும் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டேதான் இருந்தன. "இந்த வெயிலுக்கு விருதுநகர்லயே இருந்திருக்கலாமே"ன்னு அம்மா சொல்லிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் அங்கே 30 ஆம்ப் இடம்தான் கிடைத்தது. அடாப்டர் போட்டு இணைத்தோம். மைக்ரோவேவ் ஓடும்போதெல்லாம் பின்னால் இருக்கும் ஏசி தானாக நின்றுவிடும். சில நேரம் மைக்ரோவேவ் ஓடாமலேயே நின்றது.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஏறிக்கூடப் பார்க்கவில்லை. "இரண்டும் பழசு, புதிதாக மாற்றிவிடுங்கள்" என்று 4,000 டாலருக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். மாற்றத்தான் வேண்டுமா? இல்லை, இந்த வண்டிகளே இப்படித்தானா?

---

ராஜி_கேட்டி:

வணக்கம். எங்களிடம் இருப்பது 34 அடி ஃபிஃப்த் வீல் (பிக்கப் டிரக்கில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி), அதிலும் இரண்டு ஏசிதான். வெளியே இருக்கும் சூட்டைவிட 20 டிகிரிதான் இந்த ஏசிகளால் குறைக்க முடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் 103க்கு உங்கள் 87 பெரிய மோசம் இல்லை.

நாங்கள் இருப்பது ஹியூஸ்டன் பக்கம். இங்கே சூட்டைவிடப் புழுக்கம்தான் தொல்லை. அதற்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். முதல் விஷயம், சமையலை வெளியே கொண்டு போய்விட்டோம். உள்ளே குக்கர் வைத்து, இட்லி ஊற்றி, புரோபேன் அடுப்பும் எரித்தால் அந்த ஆவி முழுக்க ஏசி தலையில்தான் விழும். கேஸ் எரிவதே தண்ணீர் ஆவியை விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனிங்குக்குக் (வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தல்) கீழே ஒரு மடக்கு மேஜை, அதில் இண்டக்‌ஷன் அடுப்பு. அதை வண்டியில் செருக வேண்டாம். கேம்ப்கிரவுண்டின் பவர் கம்பத்திலேயே தனியாக ஒரு 20 ஆம்ப் பிளக் இருக்கும், அதில் செருகுங்கள். அது வண்டியின் கணக்கில் சேராது.

அப்புறம், ஃபேனை "ஆட்டோ"வில் வையுங்கள். "ஆன்"-இல் வைத்தால் கம்ப்ரஸர் நின்ற பிறகும் காற்று ஓடி, ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஒட்டியிருக்கும் ஈரத்தைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும். தெர்மோஸ்டாட்டை 68க்கு இறக்குவதும் வேண்டாத வேலை. எங்கள் காயில் அப்படித்தான் ஐஸ் கட்டி, காற்றே வராமல் போனது. கம்ப்ரஸரை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஹையில் ஓடவிட்டால் கரைந்துவிடும்.

---

சக்கரவீடு:

தம்பி, 4,000 டாலரைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏறிக்கூடப் பார்க்காதவன் கொடுத்த எஸ்டிமேட்டை வாங்கி மடித்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

நான் அரிஸோனாவில் மேசா பக்கம், ரிட்டயர் ஆன பிறகு வண்டியிலேயே குடியிருப்பவன். 40 அடி. குளிர்காலத்தில் இங்கே வந்து நிறையும் கனடாக்காரர்களும் மினசோட்டாக்காரர்களும் ஏப்ரலில் காணாமல் போய்விடுவார்கள், மிஞ்சுகிறவர்களுக்குத்தான் ஏசியின் அருமை தெரியும். 2023இல் பக்கத்து ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110க்குக் கீழே இறங்கவில்லை. அப்போதும் என் வண்டியில் சாயங்காலம் 80ஐத் தாண்ட விட்டதில்லை, இருப்பது அதே மாதிரி இரண்டு ஏசிதான்.

ராஜி சொன்ன சமையல் விஷயம், ஃபேன் விஷயம் இரண்டும் சரி. ஆனால் அந்த 20 டிகிரி கணக்கு ஊரெல்லாம் தப்பாகச் சொல்லப்படுவது. வெளியே எவ்வளவு சூடு என்பதற்கும் அந்த 20க்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. உள்ளிழுக்கும் காற்று எவ்வளவு இருக்கிறதோ, அதைவிட ஏறக்குறைய 16 முதல் 22 டிகிரி குறைத்து ஏசி வெளியே விடும். 80 டிகிரிக் காற்று உள்ளே போனால் 60 வரும். அந்த 60 திரும்ப அறையில் கலந்து, அடுத்த சுற்றில் 78 உள்ளே போகும், 58 வரும். இப்படியே இறங்கிக்கொண்டு போகும். சுவர், கண்ணாடி, கூரை வழியாக வரும் சூடு இதை ஜெயிக்கும் இடத்தில் நின்றுவிடும். உங்கள் வண்டியில் அந்த இடம் 87. அதைக் கீழே கொண்டு வருவதுதான் வேலை.

ஒரு கணக்கு பாருங்கள். 15,000மும் 13,500மும் சேர்த்தால் 28,500 பிடியு. நம் ஊர்க் கணக்கில் 2.4 டன்கிட்ட. உங்கள் வண்டியின் மொத்தத் தரை ஸ்லைடோடு சேர்த்து 350 சதுர அடிதான் இருக்கும். என் 40 அடி வண்டிக்கே அதே மாதிரி இரண்டு ஏசி போதுகிறது. அதனால் ஏசி போதவில்லை என்பது பேச்சே இல்லை. அந்தக் குளிர்ச்சி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு சோதனை. சமையல் கடையில் விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் மூன்று வாங்குங்கள். மதியம் ஏசி இருபது நிமிடம் ஓடின பிறகு, ஒன்றை ஹால் நடுவில் சோபா உயரத்தில் வையுங்கள். இன்னொன்றை ஏசியின் கிரில்லைக் கழற்றி ஃபில்டருக்கு மேலே வையுங்கள், காற்று உள்ளே போகும் இடம். மூன்றாவதை ஏசிக்குப் பக்கத்து வென்டில், குளிர்ந்த காற்று வெளியே வரும் இடம். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கிரில்லுக்கும் வென்டுக்கும் 16க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மெஷினில் கோளாறு இல்லை. அதற்குப் பிறகுதான் முக்கியமானது: அறையில் 86 இருக்கும்போது கிரில்லுக்குள் 80 காட்டினால், அந்த 6 டிகிரி எங்கிருந்து வந்தது? குளிர்ந்த காற்று டக்டுக்குப் போகாமல், பெட்டிக்குள்ளேயே ஒழுகி, திரும்ப ஏசிக்குள் போகிறது. நீங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றை ஏசியே குடித்துக்கொண்டிருக்கிறது.

இது நூற்றுக்கு எத்தனை வண்டியில் என்று கேட்காதீர்கள், நான் சீலிங் மூடியைக் கழற்றிப் பார்த்த வண்டி எதிலும் இது சுத்தமாக இருந்ததில்லை. கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை வெட்டி ஏசியை உட்கார வைக்கிறார்கள். அந்த ஓட்டைக்குள்தான் உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும். நடுவில் ஒரு தடுப்பு. தொழிற்சாலையில் அவசரத்தில் அந்தத் தடுப்பை ஓரம் ஒட்டாமல் விட்டுவிடுவார்கள். வெட்டின தெர்மோகோல் ஓரம் பல் பல்லாக அப்படியே தெரியும், டக்ட் திரும்பும் இடத்தில் விரல் நுழையும் சந்து இருக்கும். சில வண்டியில் மரத்தூள்கூட அங்கேயே கிடக்கும்.

இதற்கு மருந்து அலுமினிய ஃபாயில் டேப். ஹார்டுவேர் கடையில் ஏசி டக்டுக்கென்று விற்பது. சாம்பல் நிறத் துணி டேப் வேண்டவே வேண்டாம், ஒரு வெயில் காலத்தில் பசை உருகி நாக்கு மாதிரி தொங்கும். பிரேக்கரை அணையுங்கள், தெர்மோஸ்டாட்டை அணைத்தால் மட்டும் போதாது. மூடியைக் கழற்றி, ஓரங்களை ஸ்பிரிட்டால் துடைத்து, தடுப்பின் நான்கு பக்கமும், டக்டின் வாயும், தெர்மோகோல் ஓரம் முழுக்கவும் ஒட்டுங்கள். காயிலின் துடுப்புகளுக்கு (மெல்லிய தகடுகள்) நடுவில் செருகியிருக்கும் சின்ன ஒயர் சென்ஸரை இழுத்துவிடாதீர்கள், ஐஸ் கட்டாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அங்கேயே நான்கு நீள போல்ட் தெரியும். ஏசிக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் (சந்தை அடைக்கும் மெத்தை மாதிரிப் பட்டை) அரை அங்குலம் அளவுக்கு அமுங்கியிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக முடுக்குங்கள். வெறி பிடித்து முடுக்கினால் மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

கூரை மேல் ஏறி ஏசியின் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிப் பாருங்கள். வெளிக் காயிலில் புழுதியும் பருத்திப் பஞ்சு மாதிரி மர விதையும் அடைத்திருக்கும். மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும், பிரஷர் வாஷர் துடுப்பை மடக்கிவிடும். "கேஸ் ஏற்றினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கூரை ஏசிகளில் பெரும்பாலானவற்றில் கேஸ் ஏற்ற வால்வே கிடையாது, வீட்டு ஃப்ரிட்ஜ் போல சீல் செய்து வருவது.

இனி வெயில். உங்கள் வண்டியின் ஆனிங் வலது பக்கம். தெற்கே பார்த்து நிறுத்தினால் வலது பக்கம் மேற்கு, சாயங்கால வெயிலை ஆனிங் வாங்கிக்கொள்ளும். கோடையில் நடுப்பகல் சூரியன் தலைக்கு மேலே இருப்பதால் தெற்கே பார்த்த முன் கண்ணாடிக்கு அவ்வளவு அடி விழாது. முன்னால் இருக்கும் அந்தப் பெரிய கண்ணாடிக்கு வெளியில் இருந்து மாட்டும் வலைத் திரை போடுங்கள். உள்ளே மாட்டும் வெள்ளித் தாளைவிட இது மேல், ஏனென்றால் சூடு கண்ணாடியைத் தாண்டும் முன்பே நின்றுவிடும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கனமான திரை. கூரையில் இருக்கும் சதுர வென்ட்களுக்கு 14 அங்குலப் பஞ்சுத் தலையணை விற்கிறார்கள், அமுக்கி வையுங்கள். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை ஏசி ஓடும்போது ஓட்ட வேண்டாம். அது வெளியே தள்ளும் குளிர்ந்த காற்றுக்கு ஈடாகச் சந்து பொந்து வழியாக வெளிச் சூடு உள்ளே வரும்.

அப்பாவின் ஃப்ரிட்ஜ் வைத்தியம்: கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராது, உள்ளே இருக்கும் தயிர்தான் புளிக்கும். உங்களுடையது கேஸிலும் ஓடும் ஃப்ரிட்ஜாக இருந்தால் 100 டிகிரி வெயிலில் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, நேரம். வண்டி சூடானதும் ஏசி போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். காலை ஏழு மணிக்கே இரண்டையும் 72இல் போடுங்கள். சுவர், மெத்தை, அலமாரிக்குள் இருக்கும் தட்டுகள் வரைக்கும் குளிர வேண்டும். மதியம் மூன்று மணிக்கு 85 ஆன வண்டியைக் கீழே கொண்டு வருவது இந்தச் சின்ன மெஷின்களால் ஆகாத காரியம்.

---

ஆம்ப்மீட்டர்:

சக்கரவீடு சார் காற்றைப் பார்த்துக்கொண்டார், நான் கரண்ட் மட்டும்.

50 ஆம்ப் என்பது 30ஐவிட 20 அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். 30 ஆம்ப் பிளக்கில் ஒரே 120 வோல்ட் லைன், மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் பிளக்கில் நான்கு கால். இரண்டு தனித்தனி 120 வோல்ட் லைன், ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப். ஆக 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல்.

103 டிகிரி வெயிலில் உங்கள் பெரிய ஏசி 14, 15 ஆம்ப் இழுக்கும், சின்னது 12, 13. இரண்டும் சேர்ந்தால் 27. பேட்டரி சார்ஜர் இதற்கு மேல். வாட்டர் ஹீட்டர் கரண்டில் ஓடினால் அது மட்டும் 12. உங்கள் வண்டியில் இருக்கும் மின்சார மேலாண்மைப் பெட்டி 30 ஆம்ப் இணைப்பு என்று தெரிந்ததும், கணக்கு மீறினால் ஏதாவது ஒன்றை வெட்டும். பின் ஏசி நின்றது பழுது இல்லை, அந்தப் பெட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது. 30 ஆம்ப் இடத்தில் வாட்டர் ஹீட்டரை கேஸில் போடுங்கள், பகலில் ஹால் ஏசி, இரவில் படுக்கையறை ஏசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட் ஸ்டார்ட் போட்டால் 30இல் இரண்டும் ஓடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் 50 ஆம்புக்கு மேல் உதைக்கும், அதைத்தான் சாஃப்ட் ஸ்டார்ட் குறைக்கும். ஓட ஆரம்பித்த பிறகு இழுப்பதை அது குறைக்காது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல பொருள், உங்களுக்கு அவசரம் இல்லை.

நான் பார்க்கச் சொல்வது வோல்டேஜ். சாயங்காலம் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது பழைய கேம்ப்கிரவுண்டில் 120 இருக்க வேண்டியது 108, 106 என்று இறங்கும். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் அதிக ஆம்ப் இழுக்கும், சூடேறும், ஆயுசு குறையும். கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டி வோல்டேஜைக் கண்காணிக்கும் ஈஎம்எஸ் வகை சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று வாங்குங்கள். 104க்குக் கீழே போனால் அதுவே துண்டித்துவிடும். 50 ஆம்ப் கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போயிருந்தாலும் பிடிக்கும். அந்தக் கோளாறு வந்தால் 120 வோல்ட் சாமான்களுக்கு 200க்கு மேல் பாயக்கூடும், டிவியில் ஆரம்பித்து மைக்ரோவேவ் வரை எல்லாம் போகும்.

ஏசி ஒரு மணி நேரம் ஓடின பிறகு பிளக்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் ஏசியையும் கம்பத்தில் பிரேக்கரையும் அணைத்துவிட்டு உருவிப் பாருங்கள். கால் ஏதாவது காப்பித்தூள் நிறத்துக்கு மாறியிருந்தால் அந்தக் கம்பமோ உங்கள் பிளக்கோ தளர்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் உருகும்.

---

ஃப்ரிஸ்கோ_வண்டி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வீட்டு வாசலிலேயே சோதனை செய்தேன், வெளியே 101.

பின் ஏசி: அறை 84, கிரில் 83, வென்ட் 64. 
முன் ஏசி: அறை 86, கிரில் 79, வென்ட் 61.

சார் சொன்ன மாதிரி ஒழுகல் முன்னால்தான், அறைக்கும் கிரில்லுக்கும் 7 டிகிரி வித்தியாசம். மூடியைக் கழற்றினேன். தடுப்பு ஒரு பக்கம் ஒட்டவே இல்லை, ஊதினால் ஆடுகிறது. டக்டின் வாய்க்கும் பெட்டிக்கும் நடுவில் என் சுண்டு விரல் முழுதாகப் போனது. உள்ளே ஒரு ஸ்க்ரூவும் யாரோ விட்டுவிட்டுப் போன பென்சிலும் கிடந்தன. டேப் ஒட்டி முடிக்க மதியம் முழுக்க ஆனது, கழுத்துதான் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே போட்டுவிட்டு அதே சோதனை. வெளியே 102. ஐந்து மணிக்கு ஹாலில் 77! முன் கிரில் இப்போது 76. கண்ணாடிக்கு வெளித்திரை இன்னும் வரவில்லை, பழைய பெட்ஷீட்தான் கட்டியிருந்தேன்.

ஆனால் படுக்கையறைப் பக்கம் 81. அங்கே காற்று ஒழுகவில்லை என்று தெரிகிறது. அப்புறம் ஏன்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஓட்டிக்கொண்டு போகும்போது டாஷ்போர்டு ஏசி பின்னால் எட்டுவதே இல்லை. ஓனன் 5500 ஜெனரேட்டர் இருக்கிறது. ஓடும்போது அதைப் போட்டுக் கூரை ஏசியை ஓட்டலாமா?

---

சக்கரவீடு:

பென்சிலை வைத்துக்கொள்ளுங்கள், தொழிற்சாலை நினைவுப் பரிசு.

ஜெனரேட்டரைத் தாராளமாகப் போடலாம், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். 5,500 வாட்டுக்கு இரண்டும் ஓடும். ஒன்றைப் போட்டு சில நிமிடம் கழித்து அடுத்ததைப் போடுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முதலில் அழுத்திப் பாருங்கள். மலை ஏறினால் ஜெனரேட்டர் பலம் குறையும், 1,000 அடிக்கு 3, 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிளாக்ஸ்டாஃப் மாதிரி 7,000 அடிக்குப் போனால் கால்வாசி காணாமல் போகும். நல்லவேளை, அங்கே இரண்டாவது ஏசி தேவைப்படாது.

படுக்கையறைக்கு: பாத்ரூம் ஷவருக்கு மேலே கூரையில் பிளாஸ்டிக் குமிழ் இருக்கிறதா? பகல் ஒரு மணிக்கு அதற்குக் கீழே தலையை நீட்டிப் பாருங்கள். அதுதான் உங்கள் 4 டிகிரி. வெள்ளித் தாளை அளந்து வெட்டி, குமிழுக்குள் செருகிவிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்தி வையுங்கள்.

---

ராஜி_கேட்டி:

குமிழ் எங்களுக்கும் உண்டு. வெள்ளித் தாள் ஈரத்தில் விழுந்துகொண்டே இருந்தது, ஒட்டும் வெல்க்ரோ நாலு மூலையில் வைத்த பிறகு நிற்கிறது. 20 டிகிரி விஷயத்தில் சக்கரவீடு சார் சொன்னதை வீட்டுக்காரரிடம் காட்டினேன், இப்போது கையில் தெர்மாமீட்டரோடு ஒவ்வொரு வென்டாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

---

ஃப்ரிஸ்கோ_வண்டி:

குமிழ் இருக்கிறது, அடியில் நின்றதும் தெரிந்துவிட்டது. வெல்க்ரோவும் ஆர்டர் போட்டாயிற்று. ஆகஸ்ட் கடைசியில் அம்மா அப்பாவோடு ஒரு ட்ரிப் பாக்கி. 50 ஆம்ப் இடம் கிடைத்த பிறகுதான் கிளம்புவது என்று முடிவு.